தாயத்துக் கதையோடு வந்தவன்

நான் நிறைமாதமாக இருந்தபோது, சங்கரன்கோவிலில் எனக்குப் பிரசவம் பார்க்கவிருந்த ஆஸ்பத்திரிக்கே ஒருவன் வந்தான். பிள்ளையின் தொப்புள்கொடி ரத்தத்தை, பின்னாளில் வைத்தியத்துக்கு உதவுமென்று, காசு கட்டித் தனியார் ரத்த வங்கியில் சேமிக்கச் சொன்னான்.

"அந்தக் காலத்துல கொடியைக் காயவச்சு, தாயத்துல அடைச்சு இடுப்புல கட்டுவாங்கல்லாக்கா? அதேதான் இது. எந்த நோய்க்கும் பயப்பட வேண்டாம்."

எனக்குச் சுர்ரென்று கோபம் ஏறியது. நானும் அந்தத் தாயத்தோடு வளர்ந்தவள்தான். உள்ளே இருந்தது காய்ந்த சருகு. அதைக் காட்டியா வியாபாரம் செய்வது?

"பிறவியிலேயே ரத்தத்துல கோளாறுன்னா, சேமிச்ச ரத்தத்துலயும் அதே கோளாறு இருக்கும்லா?" என்றேன். அவன் கைப்பேசியை நோண்ட ஆரம்பித்தான்.

கொடி ரத்தத்தை எல்லாருக்குமான பொது ரத்த வங்கிக்குத் தானமாகக் கொடுத்தால் எந்தப் பிள்ளைக்காவது உதவுமே என்று டாக்டரம்மாவிடம் கேட்டேன்.

"தானமா வாங்க இங்கன யாரும் வரமாட்டாங்கம்மா. பெரிய ஊர்லயே சில ஆஸ்பத்திரிலதான் எடுப்பாங்க."

விற்பதற்கு மட்டும் எங்கள் ஊருக்கு வழி தெரிகிறது! மகள் பிறந்தாள். நான் கொடுக்க நினைத்த ரத்தம் பிரசவ அறையின் குப்பை வாளிக்குப் போனது.

வீட்டுக்குக் கிளம்பும்போது பார்த்தால், வாசலில் இன்னொரு கர்ப்பிணியிடம் அவன் அதே தாயத்துக் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தான். கையில் பிள்ளையோடு நேரே அவன் முன்னால் போய்க் கேட்டேன்.

"ஏலே, இன்னைக்கு யாரு ரத்தத்தை உறிஞ்ச வந்திருக்க?"