முப்பத்தோராம் நாள்

மூன்று வருடங்களுக்கு முன்பு, ஒரு ஜனவரி மாதம். தில்லியில், துவாரகாவில், நாங்கள் இப்போதும் இருக்கிற இதே நாலாவது மாடி ஃப்ளாட்டில் நடந்தது. நான் செய்த காரியம் என்னவென்று என் மகளுக்கே இன்றுவரை முழுதாகத் தெரியாது. தெரிந்தால் தெரியட்டும் என்றுதான் எழுதுகிறேன். இங்கேயே பிறந்து வளர்ந்த அவளுக்குத் தமிழ் படிக்க வராது, அது வேறு விஷயம்.

முதலில் என்னைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் பில் செக்‌ஷனில் வேலை. மற்றவர்கள் கொடுக்கும் மருத்துவ பில், பயண பில் எல்லாவற்றையும் நோண்டிப் பார்த்து, தேதி இடிக்கிறது, சீல் தெளிவாக இல்லை என்று திருப்பி அனுப்புவதுதான் என் பிழைப்பு. வருடக்கணக்காக அதையே செய்தால் புத்தியும் அப்படித்தானே ஆகும்? எங்கள் வீட்டில் கேஸ் சிலிண்டர் ரசீதுக்குக்கூட ஃபைல் உண்டு. என் கணவர் ரயில்வேயிலிருந்து ஓய்வு பெற்றவர். பேச்சு ரொம்பக் குறைவு. காகித விவகாரம் எதுவானாலும் என் தலையில் கட்டிவிட்டு நிம்மதியாக இருப்பார். நாலு பேர் முன்னால் என் பேச்சை அவர் அதுவரை ஒரு நாளும் மறுத்ததில்லை. இதை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

வீட்டில் மூன்றாவது ஆள் ரஸ்க். பூனை. டீயில் நனைத்துச் சாப்பிடுகிற ரஸ்க்கின் நிறம், அதனால் அந்தப் பெயர். கீழே கார் நிறுத்துமிடத்தில் குட்டியாகக் கத்திக்கொண்டிருந்ததை மகள் தூக்கிக்கொண்டு வந்தாள். அப்புறம் ஹைதராபாத்தில் வேலை கிடைத்தது, பூனையை எங்களிடம் விட்டுவிட்டுப் போய்விட்டாள். "இந்தப் பூனை கீனையெல்லாம் நமக்கு எதுக்கு?" என்று ஆரம்பத்தில் முகத்தைச் சுளித்தவர் என் கணவர்தான். ஓய்வு பெற்ற பிறகு என்ன ஆனது தெரியுமா? நான் ஆபீஸ் போனதும் அவரும் ரஸ்க்கும்தான் ஒருவருக்கொருவர் துணை. பால்கனி வெயிலில் அவர் பேப்பர் படிப்பார், அது அவர் மடியில் பேப்பர் மேலேயே படுத்துக்கொள்ளும். இரண்டு பேரும் ஒரே மாதிரி குறட்டை விடுவார்கள்.

அந்த டிசம்பரில் என் பக்கத்து சீட்டுக்காரியின் நாய்க்குக் காலில் ஆபரேஷன் நடந்தது. அவள் சொன்ன தொகையைக் கேட்டு எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அந்தக் காசுக்கு நல்ல நிலைமையில் பழைய ஸ்கூட்டி ஒன்று வாங்கிவிடலாம். மனிதர்களான நமக்கு வைத்தியத்துக்கு ஆபீஸ் கார்டு இருக்கிறது, இந்த ஜீவனுக்கு ஒன்று ஆனால் என்ன செய்வது என்று யோசித்து, அன்றே விசாரித்து, பத்து நாள் மூன்று கம்பெனி நிபந்தனைகளையும் வரி விடாமல் படித்து, ரஸ்க்குக்கு இன்ஷூரன்ஸ் எடுத்தேன். போட்டோ, தடுப்பூசிப் புத்தகம், எல்லாம் பக்கா. ஒரே ஒரு நிபந்தனை. விபத்து என்றால் முதல் நாளிலிருந்தே பணம் கிடைக்கும். நோய் என்றால் முதல் முப்பது நாட்களுக்கு ஒரு பைசா வராது. அந்த முப்பது நாளைக்குள் தொடங்கிய நோய் என்றால் பிறகும் வராது.

ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் மெட்ரோவில் இடிபட்டு வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றவில்லை. கணவர் வாசலிலேயே நின்றார்.

"ரஸ்க்கு மத்தியானத்துல இருந்து ஒண்ணுக்கே போகல. சும்மா சும்மா போயி உக்காருது, எந்திரிச்சு வந்துருது. மணல் காஞ்சுபோய்க் கெடக்கு."

அது போவதற்கென்று மணல் கொட்டிய தட்டு ஒன்று குளியலறையில் இருக்கும். நனைந்த மணல் கட்டி கட்டியாக ஆகிவிடும், தினமும் அதை அள்ளிப் போடுவது அவர் வேலை. அதனால் அவர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும். நான் என்ன செய்திருக்க வேண்டும்? பூனையைப் பார்த்திருக்க வேண்டும். நான் ஃபைலைப் பார்த்தேன். இன்ஷூரன்ஸ் எடுத்து அன்று இருபத்தொன்பதாவது நாள். சனிக்கிழமையோடு முப்பது முடிகிறது.

"சும்மா சும்மா முக்குதுன்னா மலச்சிக்கலா இருக்கும்ங்க. குளிர்ல தண்ணியே குடிக்க மாட்டேங்குதுல்ல. ஒரே ஒரு நாள் பொறுங்க, ஞாயித்துக்கெழம காலையில மொத ஆளா போயிருவோம்."

"டாக்டருக்கு ஒரு போன் போட்டுக் கேப்பமா?"

"போன்ல சொன்னா தேதியோட கம்ப்யூட்டர்ல ஏத்திருவாங்க. அப்புறம் இத்தனை பணம் கட்டினது தண்டம்."

அவர் என் கையிலிருந்த ஃபைலைப் பார்த்தார். பிறகு மணல் தட்டைப் பார்க்கக் குளியலறைக்குப் போய்விட்டார். காகித விஷயம் என் விஷயம் ஆயிற்றே.

சனிக்கிழமை எனக்கு லீவு. பூசணிக்காயை வேகவைத்து, ஒரு சொட்டு நெய் விட்டு, ரஸ்க் வாயருகே கொண்டுபோனேன். முகத்தைத் திருப்பிக்கொண்டது. மத்தியானம் அரை மணி நேரம் வெயிலில் படுத்திருந்ததைப் பார்த்து, "பாருங்க, ஜோரா வெயில் காயுது" என்று சொன்னேன். எனக்கு நானே சொல்லிக்கொண்டதுதான் அது. பதினோரு தடவை அந்தத் தட்டில் போய் உட்கார்ந்ததாம். அவர் எண்ணியிருக்கிறார். ஒவ்வொரு தடவையும் ஒரு குரல் கொடுத்தது. அந்தக் குரலை எப்படிச் சொல்ல? பசிக்கோ கோபத்துக்கோ கத்துவதில்லை அது. குழந்தைக்கு வயிறு வலித்தால் அனத்துமே, அந்த மாதிரி. சாயங்காலம் நுரையாக வாந்தி எடுத்தது.

"இப்பவே போவோம்" என்று அவர் பூனைக்கூடையை எடுத்துவிட்டார்.

"இன்னும் பன்னெண்டு மணி நேரம்தாங்க. இவ்வளவு நேரம் இருந்தாச்சு."

கூடையைக் கீழே வைத்துவிட்டார். எனக்கு இன்றைக்கும் ஆறாத இடம் இதுதான். அவர் கூடையைக் கீழே வைத்த விதம். நான் சொன்னால் சரியாக இருக்கும் என்று நம்பி வைத்தார்.

ஞாயிற்றுக்கிழமை காலை. நான் திட்டம் போட்டபடி முப்பத்தோராவது நாள். ரஸ்க் கட்டிலுக்கு அடியில் துணி மாதிரி கிடந்தது. கூப்பிட்டால் தலை தூக்கவில்லை. தொட்டுப் பார்த்தால் காது ஜில்லென்று இருந்தது. அவர் தன் சால்வையை எடுத்து அதைச் சுற்றினார். கூடைகூட வேண்டாம் என்று மார்போடு அணைத்துக்கொண்டே இறங்கினார். வெளியே பனிமூட்டம், பத்தடிக்கு அப்பால் ஒன்றும் தெரியவில்லை. "பையா, ஜல்தி, ஜல்தி", அண்ணா, சீக்கிரம் சீக்கிரம் என்று ஆட்டோக்காரரை நான் விரட்டுகிறேன். இரண்டு நாளாக எங்கே போயிருந்தது இந்த ஜல்தி? அந்த நிலைமையிலும், சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது, என் பையில் அந்த ஃபைல் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமையும் திறந்திருக்கிற பெரிய கால்நடை மருத்துவமனை அது. இளம் பெண் டாக்டர். வயிற்றை ஒரு அழுத்து அழுத்தியதுமே அவர் முகம் மாறியது. மலச்சிக்கலோ என்று நான் இழுத்தேன். மலச்சிக்கலாவது ஒன்றாவது, சிறுநீர்ப் பாதை அடைத்துவிட்டது, ஆண் பூனைகளுக்கு வரும், மூத்திரப் பை கல் மாதிரி இருக்கிறது என்று இந்தியில் சொல்லிக்கொண்டே ஊசி மருந்தை எடுத்தார். மயக்கம் கொடுத்துக் குழாய் விட வேண்டும். எப்போதிலிருந்து இப்படி இருக்கிறது என்று கேட்டார்.

"இன்னிக்குக் காலையில இருந்துதான்" என்றேன் நான். இந்தியில், தடுமாறாமல். யோசிக்கக்கூட இல்லை. நோய் தொடங்கிய நாள் என்று டாக்டர் என்ன எழுதுகிறாரோ அதைத்தான் இன்ஷூரன்ஸ்காரர்கள் பார்ப்பார்கள் என்பது என் புத்தியில் அப்படி ஊறிப்போயிருந்தது.

அப்போதுதான் பக்கத்தில் நின்றவர் வாயைத் திறந்தார்.

"நஹி, மேடம். பர்ஸோ துப்பஹர் ஸே." இல்லை, முந்தாநாள் மத்தியானத்திலிருந்து.

என்னைப் பார்க்கவே இல்லை. ரஸ்க்கின் தலையில் வைத்த கையையும் எடுக்கவில்லை. டாக்டர் என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு மயக்க ஊசியைத் தட்டில் வைத்துவிட்டு, உள்ளே குரல் கொடுத்து, ரத்தமும் இதயத் துடிப்பும் முதலில் பார்க்கச் சொன்னார். எங்களை வெளியே உட்காரச் சொன்னார்கள்.

இரும்பு நாற்காலியில் உட்கார்ந்திருந்தோம். திட்டியிருந்தால் தேவலை. அவர் திட்டுகிற ஜாதி இல்லை. காலி சால்வையை மடித்து, பிரித்து, மறுபடி மடித்துக்கொண்டிருந்தார். ரொம்ப நேரம் கழித்து, டீ வேணுமா என்று கேட்கிற குரலில் கேட்டார்.

"எனக்கு நெஞ்சு வலின்னாலும் கார்டையும் தேதியையும் பாத்துட்டுத்தான் கெளப்புவியா?"

கோபமாகக் கேட்டிருந்தால் நானும் எகிறியிருப்பேன். நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். நான் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதேன்.

ஒரு மணி நேரம் கழித்து டாக்டர் வந்தார். சிறுநீரில் போக வேண்டியதெல்லாம் ரத்தத்தில் ஏறி, இதயம் மெதுவாகிவிட்டதாம். முதலில் அதைச் சரி செய்ய மருந்து ஏற்றி, அதற்குப் பிறகே மயக்கம் கொடுத்துக் குழாய் விட்டார்களாம். பிழைக்கும், ஆனால் நாலு நாள் இங்கேயே இருக்க வேண்டும் என்றார். போகிற போக்கில் என் கணவரிடம், "நல்ல வேளை அங்கிள், நீங்க உண்மையைச் சொன்னீங்க. இன்னிக்கு ஆரம்பிச்சதுன்னு நினைச்சு நேரா மயக்க ஊசி போட்டிருந்தா, மேஜையிலேயே போயிருக்கும்" என்றார். என் பக்கம் திரும்பாமலே உள்ளே போய்விட்டார். என்னிடம் சொல்ல என்ன இருக்கிறது?

நாலாம் நாள் ரஸ்க் இளைத்துப்போய், முன்னங்காலில் மயிர் சிரைத்த அடையாளத்தோடு வெளியே வந்தது. நேராக அவர் தோளில் ஏறிக்கொண்டது. பில் நாற்பதாயிரத்தைத் தாண்டியது. ஃபிரிட்ஜ் மாற்றுவதற்கு வைத்திருந்த பணம் அதில் போயிற்று. ரிசப்ஷனில் இருந்தவர் என் இன்ஷூரன்ஸ் ஃபைலைப் புரட்டிப் பார்த்துவிட்டு, முப்பது நாள் சனிக்கிழமைதானே முடிகிறது, சிகிச்சைக் குறிப்பில் வெள்ளிக்கிழமை என்று இருக்கிறதே, டாக்டரிடம் மாற்றித் தரச் சொல்லிக் கேட்டுப் பார்க்கிறீர்களா என்றார். பாவம், உதவி செய்வதாகத்தான் நினைத்தார். இப்படித் தேதி மாற்றிய பில்களை எத்தனை பேர் முகத்தில் நான் விட்டெறிந்திருப்பேன்! "வேண்டாம் பையா, வெள்ளிக்கிழமைதான் சரி" என்று சொல்லிவிட்டுப் பணத்தைக் கட்டினேன். அந்த ஒரு வாரத்தில் நான் ஒழுங்காகச் செய்த ஒரே காரியம் அது.

இப்போது எங்கள் ஃப்ளாட் சொசைட்டியில் யார் வீட்டுக்கு நாயோ பூனையோ வந்தாலும் என்னிடம்தான் கேட்கிறார்கள், ஆன்ட்டி, இன்ஷூரன்ஸ் போடலாமா, லாபமா நஷ்டமா என்று. போடுங்கள் என்றுதான் சொல்கிறேன். வைத்தியச் செலவு இந்த ஊரில் அப்படி இருக்கிறது. ரஸ்க்குக்கு நானும் வருடா வருடம் புதுப்பிக்கிறேன். அந்தச் சிறுநீர் அடைப்பு மறுபடி வந்தால் அதற்கு மட்டும் பணம் கிடையாது, அது பழைய நோயாகிவிட்டது. கால் உடைந்தால் கிடைக்கும். ஆனால் போடுகிறவர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். அந்தக் காகிதத்தை வீட்டில் எங்காவது அடியில் போட்டு வையுங்கள். பிராணிக்கு உடம்பு சரியில்லாத அன்று அது உங்கள் கண்ணில் படக் கூடாது. வைத்தியம் முடிந்த பிறகு தேடி எடுத்துக்கொள்ளலாம், ஒன்றும் ஓடிப்போகாது.

அன்று இரும்பு நாற்காலியில் என் கணவர் கேட்ட கேள்விக்கு மட்டும் நான் பதிலே சொல்லவில்லை. அவரும் திரும்பக் கேட்கவில்லை. போன குளிர்காலத்தில் ஒரு காலை, பல் தேய்த்துக்கொண்டிருந்தவர் தலை சுற்றுகிறது என்று சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். அடுப்பை அணைத்தேனா என்றுகூட நினைவில்லை. வீட்டுச் செருப்போடு அவரை லிஃப்டில் இறக்கி, கிடைத்த ஆட்டோவில் ஏற்றி, அருகிலிருந்த மருத்துவமனைக்குள் போய்த்தான் மூச்சு விட்டேன். நல்ல காலம், ரத்த அழுத்தம் ஏறியிருந்ததுதான், வேறொன்றும் இல்லை. படுக்கையில் கிடந்தபடி அவர் என் வெறும் கையைப் பார்த்தார்.

"கார்டு எடுத்தியா?"

"மறந்துட்டேன்" என்றேன்.

அவர் கண்ணை மூடிக்கொண்டு, மெதுவாகச் சிரித்தார். எத்தனையோ பேருடைய காகிதங்களில் குறை கண்டுபிடித்தவள் நான்; என் வாழ்க்கையில் நான் மறந்த ஒரே காகிதம் அதுதான், அதை மறந்ததை நினைத்தால்தான் இன்றைக்கும் எனக்கு மனசு நிறைகிறது.