நீலப் பெயின்ட் அடித்த கொட்டகை

லீவுக்குக் கடலோரம் போகலாம் என்று முடிவானதும், "பாம்பன்ல எங்க அம்மா வீடு இருக்கே" என்றேன். என் வீட்டுக்காரர் மூக்கைச் சுளித்தார்.

"அங்கன கருவாட்டு வாடை குடலைப் புரட்டும். காட்டேஜ்தான் சரி."

மதுரைக்காரருக்குக் கடல் வேண்டும், கடற்கரை ஜனம் வேண்டாம்.

நாள் கணக்காகப் போனிலேயே கிடந்து ஒரு காட்டேஜைப் பிடித்தார். படத்தைப் பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. அம்மா வீட்டுக்குப் பின்னால் சித்தப்பா வலை போட்டு வைத்திருந்த கொட்டகை அது. நீலப் பெயின்ட் அடித்து வாடகைக்கு விட்டிருக்கிறார். கல்யாணத்துக்கு அப்புறம் அந்தப் பக்கம் எட்டியே பார்க்காத மனுஷருக்கு எப்படித் தெரியும்? நானும் வாயைத் திறக்கவில்லை.

போய் இறங்கியதும் வாசலில் நின்று மூச்சை நன்றாக இழுத்தார். "ஆகா, கடல் காத்து! என்னா வாசம்!"

சுவருக்கு அந்தப் பக்கம் கருவாடு காயப்போட்டுக்கொண்டிருந்த அம்மா தலையை நீட்டினாள். "வாங்க மாப்ளே, இப்பத்தான் வாறீகளா?"

அவர் இழுத்த மூச்சை விட மறந்து நின்ற கோலம் இன்னும் என் கண்ணிலேயே நிற்கிறது.

வாடகை கட்டினால் வாசம், மாமியார் வீடென்றால் வாடை. இந்த மூக்கோடுதான் இத்தனை வருஷமாகக் குடும்பம் நடத்திக்கொண்டிருக்கிறேன்.