அடிக் கணக்கும் பீஸ் கணக்கும்

பாகாயத்தில் நர்ஸாக இருக்கும் கரோலின் சிஸ்டரின் மகள் இவாஞ்சலின் நமீபியாவில் ஐந்து வருடம் பைலட்டாக இருந்தாள் என்றதும், தெருவில் எல்லோரும் பெரிய விமானத்தைத்தான் நினைத்துக்கொண்டார்கள். அவள் ஓட்டியது ஒற்றை எஞ்சின் குட்டி விமானம். பாராசூட் கட்டிய நாலு பேரை ஏற்றிக்கொண்டு மேலே போவாள். அவர்கள் குதித்ததும் காலி விமானத்தோடு இறங்குவாள். கீழே அடுத்த நாலு பேர் தயாராக நிற்பார்கள். ஒரு லோடுக்கு இருபது நிமிடம்கூட ஆகாது.

ஊர் திரும்பியதும் பெரிய விமானக் கம்பெனி ஒன்றில் விண்ணப்பித்தாள். இரட்டை எஞ்சினில் எத்தனை மணி நேரம் என்று கேட்டார்கள். முப்பத்தொன்று என்றாள். அத்தோடு பேச்சு முடிந்தது.

மிச்சம் இருந்தது ஒரே இடம். சின்ன ஊர்களுக்கு ஒன்பது சீட் விமானம் விடப்போகிற சென்னைக் கம்பெனி. அவர்கள் கேட்டது ஆயிரத்து ஐந்நூறு மணி நேரம். அவளிடம் இருந்தது ஆயிரத்து முந்நூற்று நாற்பது. இதுவும் இல்லையென்றால் மாதக் கடைசியில் மறுபடி நமீபியாதான். ஊரும் வீட்டுச் சாப்பாடும் இப்போதுதான் ஒட்ட ஆரம்பித்திருந்தன. போக மனமில்லை.

மனசு சரியில்லாமல் ஆம்பூருக்கு பஸ் ஏறினாள். பள்ளித் தோழி அஃப்ஸர் ஜஹான் அங்கே தோல் கிடங்கு நடத்துகிறாள். ஆட்டுத் தோல்களைப் பிரித்துப் போட்டபடியே கதை முழுக்கக் கேட்டாள்.

"நூத்தி அறுபது மணி கம்மியா? அதுக்கா மூஞ்சிய இப்டி வெச்சிருக்க?"

"கம்மின்னா கம்மிதானடி."

"இன்னாடி பைலட்டு நீ! நாங்க பச்சத் தோல பீஸ் கணக்குல வாங்குறோம், பதம் பண்ணி சதுர அடி கணக்குல விக்கிறோம். ஒரே தோலு, ரெண்டு கணக்கு. பை தைக்கிறவன் அடி பாப்பான். கிளவுஸ்காரன் வந்தான்னா அடிய பாக்க மாட்டான், சின்னத் தோலா எத்தன பீஸ் இருக்குன்னு பொறுக்குவான். நீ எல்லார்கிட்டயும் அடியே சொல்லிட்டிருக்க. உன் பீஸ் எவ்ளோ?"

இவாஞ்சலினுக்குச் சிரிப்பு வந்தது. பிறகு சிரிப்பு நின்றது. பையிலிருந்து தன் பறப்புப் பதிவேட்டை எடுத்தாள். ஒவ்வொரு நாளுக்கும் ஒரே வரி. மணி நேரம், ஓரத்தில் பொடி எழுத்தில் '9 லோடு', '11 லோடு'. ஒரு லோடு என்றால் ஒரு தரையிறக்கம். ஐந்து வருடத்தில் ஒருநாளும் அதைக் கூட்டிப் பார்த்ததில்லை.

அஃப்ஸர் எண்களை வாசிக்க, இவள் கால்குலேட்டரில் தட்டினாள். தோல் கெடாமலிருக்கத் தூவிய உப்பு பதிவேட்டின் பக்கங்களில் ஒட்டிக்கொண்டது. மூவாயிரத்து அறுநூற்றுப் பன்னிரண்டு வந்தது. அங்கேயே உட்கார்ந்து, போனிலேயே சென்னைக் கம்பெனி விண்ணப்பத்தின் முதல் வரியில் அந்த எண்ணைப் போட்டாள். மணி நேரத்தைக் குறைக்கவோ கூட்டவோ இல்லை, இரண்டாவது வரியில் உள்ளபடி எழுதி அனுப்பினாள்.

டீ குடித்து முடிப்பதற்குள் போன் வந்தது. கம்பெனியின் தலைமை பைலட் ஜான்சன்.

"மூவாயிரத்து அறுநூறு லேண்டிங்கா? நம்பர் ஒண்ணு ஜாஸ்தி விழுந்துடுச்சோன்னு பாத்தேம்மா."

"இல்ல சார். எல்லாம் பதிவேட்டுல இருக்கு."

"அங்க காத்து எப்படி?"

"கடலோரம் சார். மத்தியானம் ஆனா ரன்வேக்கு குறுக்கதான் காத்தடிக்கும். அதுலதான் தினமும் எறங்குவேன்."

"பத்து மணி நேரம் பறந்து ஒரு தடவ எறங்குறவங்க நெறைய பேர் எழுதிருக்காங்க. நமக்கு ஒரு நாளைக்கு எட்டு தடவ எறங்கணும், அதுவும் குட்டி ரன்வேல. திங்கக்கெழம வாங்க, ஓட்டிக் காட்டுங்க. சரியா இருந்தா, கொறையிற மணிய என் பக்கத்து சீட்ல உக்காந்து சேத்துக்கலாம்."

போனை வைத்ததும் அஃப்ஸர் கையிலிருந்த தோலை உதறிக்கொண்டே கேட்டாள்: "இன்னா சொல்றாரு? அடியா, பீஸா?"

"கிளவுஸ்காரர்டி" என்றாள் இவாஞ்சலின், பதிவேட்டில் ஒட்டிய உப்பை ஊதிவிட்டபடி.