காற்று வெளியே போக வழி

மலாயாவில் ஜப்பான்காரர் ஆட்சியின் கடைசி வருஷம். காஹாங்கிலிருந்து குளுவாங் போகும் சாலையில் நான் எஸ்டேட் லாரி ஓட்டிக்கொண்டிருந்தேன். பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டவன். ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டினேன், படகில் கூலி வேலை பார்த்தேன், எங்கும் நிலைக்கவில்லை.

அன்று மரவள்ளிக்கிழங்கு மூட்டைகளின் மேல் ஒரு கர்ப்பிணிப் பெண் படுத்திருந்தாள். முதல் நாளே வலி எடுத்தும் பிள்ளை வரவில்லை. குளுவாங் ஆஸ்பத்திரிக்குப் போனால்தான் தாயும் பிள்ளையும் பிழைக்கும் என்று மருத்துவச்சி சொல்லிவிட்டாள். பக்கத்தில் அவள் புருஷன்.

மேலே பறக்கும் வெள்ளைக்காரர் விமானத்துக்குத் தெரியாதபடி லாரிகளுக்கு இலைதழை கட்ட வேண்டும் என்பது உத்தரவு. குறைவாகக் கட்டியதற்காக ஜப்பான்காரர் சோதனைச் சாவடியில் ஏற்கெனவே அறை வாங்கியிருந்தேன். அந்தப் பயத்தில் பானெட் முழுக்கச் சாக்கைப் போர்த்தி, பக்கத் துவாரங்களையும் மூடி, ரப்பர் கிளைகளை இறுக்கிக் கட்டியிருந்தேன். ரேடியேட்டருக்கு முன்னால் மட்டும் திறந்திருந்தது. காற்றுக்கு அது போதும் என்று நினைப்பு.

பாதி வழியில் ரேடியேட்டர் கொதித்தது. ஆறவிட்டு, ஓடைத் தண்ணீர் ஊற்றிக் கிளப்பினேன். கொஞ்ச தூரத்தில் மறுபடியும் ஆவி.

"அண்ணே, இன்னும் எவ்ளோ நேரம்ணே?" புருஷன் குரல் உடைந்தது.

"சூடு தணியட்டும்பா. இப்ப ஓட்டுனா எஞ்சின் இறுகிப் போயிடும். அப்புறம் தள்ளிக்கிட்டுதான் போவணும்."

"என்னையும் வெச்சா தள்ளுவீங்க? நான் ரொம்ப கனம்ணே" என்றாள் அவள், பல்லைக் கடித்துக்கொண்டு. எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அப்போது ஒரு ஜப்பான் சிப்பாய் சைக்கிளில் வந்தான். நாங்கள் குனிந்து வணங்கினோம். கையெல்லாம் எண்ணெய்க் கறை. விமானத் திடலில் எஞ்சின் பார்க்கிறவனாக இருக்க வேண்டும். அந்தப் பெண்ணைப் பார்த்தான், பிறகு பானெட்டைத் தொட்டான்.

"பானாஸ்!" என்று கையை உதறினான். சூடு என்று சொல்லும் அளவுக்கு மலாய் தெரிந்திருந்தது.

விமான வேலைக்காரன் என்று இரண்டு கைகளையும் இறக்கைபோல விரித்துக் காட்டினான். பிறகு விரல்களை இறுக்கி மூடி, முஷ்டிக்குள் ஊதினான். மூச்சு அவன் முகத்துக்கே திரும்பியது. மறுபக்கம் விரலைத் தளர்த்தி ஊதினான். முஷ்டிக்குப் பின்னால் என் கையைப் பிடித்து வைத்தான், காற்று பட்டது. உள்ளே வரும் காற்று வெளியே போகவும் வேண்டும். எனக்குப் புரிந்துவிட்டது.

அவனே கத்தியால் கயிறுகளை அறுத்து, சாக்கையும் கிளைகளையும் எடுத்துப் போட்டான்.

"துவான், சாவடியில தம்பார்!" என்று, அறை விழும் என்பதுபோல என் கன்னத்தில் தட்டிக் காட்டினேன். அவன் சிரித்தான். சைக்கிளை மூட்டை மேல் போட்டுவிட்டு, என் பக்கப் படியில் ஏறி நின்றுகொண்டான்.

அதன்பிறகு எஞ்சின் கொதிக்கவில்லை.

சாவடியில் இருந்த அதிகாரி வெறும் பானெட்டைப் பார்த்ததும் கையை ஓங்கிக்கொண்டு என்னிடம் வந்தான். சிப்பாய் படியிலிருந்து குதித்து இறங்கி, விறைப்பாக நின்று, தன் நெஞ்சைத் தொட்டு ஏதோ சொன்னான். அறை அவன் கன்னத்தில் விழுந்தது. தொப்பி தெறித்தது. அவன் அசையவில்லை, முதுகுக்குப் பின்னால் விரலை ஆட்டி, போ, போ என்றான். புருஷன் சைக்கிளை இறக்கிவிட்டதும் நான் லாரியைக் கிளப்பினேன்.

அன்று பொழுது சாய்வதற்குள் குளுவாங் ஆஸ்பத்திரியில் பெண் குழந்தை பிறந்தது. தாயும் பிழைத்தாள்.

ஜப்பான்காரர்களிடம் நான் பட்டது கொஞ்சமல்ல, எதையும் மறக்கவில்லை. ஆனாலும் இன்றும் ஒரு வண்டியின் பானெட்டைத் திறக்கும்போது, எனக்கு விழ வேண்டிய அறையைத் தன் கன்னத்தில் வாங்கிக்கொண்ட அந்தப் பெயர் தெரியாதவனுக்காக என் கை ஒரு கணம் நின்றுவிடுகிறது.