எட்டடிப் பலகையும் அக்காவின் அறையும்

மரம் அறுக்கும் மிஷின் வாங்கப் போகிறவன் மிஷினை அளக்கக் கூடாது, பலகையை அளக்க வேண்டும். இந்த ஞானம் எனக்குக் கும்பகோணத்தில் ஒரு கடையில் கிடைத்தது. கிடைத்த கையோடு அங்கேயே ஒரு பொய்யும் சொல்லிவிட்டேன்.

பாபநாசத்துக்குப் பக்கத்தில் எங்கள் வீடு. தெருப் பக்கம் என் தச்சுப் பட்டறை, பத்தடி நீளம். ஒரு சுவர் தாண்டினால் அக்காவின் அறை, அதுவும் பத்தடி. பக்கவாட்டில் நானும் என் மனைவியும் புழங்குகிற கூடம். அக்கா தரங்கம்பாடியில் நர்ஸ். கல்யாணம் வேண்டாம் என்று இருந்துவிட்டாள். பொங்கலுக்கும் தீபாவளிக்கும் வருவாள். மற்ற நாளெல்லாம் அவளுக்குப் பதிலாக ஒரு கயிற்றுக் கட்டிலும் டிரங்குப் பெட்டியும் அந்த அறையில் குடியிருந்தன.

கடைக்காரர் இரண்டு மிஷின் காட்டினார். பெரியதற்கு வார்ப்பிரும்பு மேஜை, அறுபட்டு வரும் பலகையைத் தாங்கப் பின்னால் உருளை வைத்த நீட்டம், த்ரீ ஃபேஸ் மோட்டார். மாப்பிள்ளைக் கம்பீரம். சின்னது தையல் மிஷின் உயரத்தில் ஓரமாக நின்றது. வீட்டுக் கரண்டிலேயே ஓடும். தடி மரத்தைக் கொடுத்தால் முனகும்.

"பெருசே மூணடிதாங்க இருக்கு," என்றேன்.

"மிஷின் மூணடிங்க. பலகை? எட்டடிப் பலகையை நெடுக்க அறுத்தீங்கன்னா பிளேடுக்கு முன்னால எட்டு, பின்னால எட்டு வேணும். அறுத்தது காத்துலயா கரைஞ்சு போவும்? எடம் எவ்ளோ வச்சிருக்கீங்க?"

"இருபதடி," என்றேன்.

பத்தும் பத்தும் இருபது. கணக்கு சரிதான். நடுவில் இருந்த சுவரையும் அக்காவையும் மட்டும் கழித்துவிட்டேன். பெரியதை எடுத்து வைக்கச் சொல்லிவிட்டு பஸ் ஏறினேன்.

இதில் ஒரு கூத்து உண்டு. அந்த மனை எங்கள் அப்பாவுக்கு எப்படி வந்தது? அவர் மிராசுதார் வயலில் கூலிக்கு நின்றவர். குடிசை மிராசுதாருடைய மண்ணில். கோபம் வந்தால் காலி பண்ணச் சொல்லலாம். அப்புறம்தான் சென்னையில் ஆட்சி மாறி, குடியிருப்பவனுக்கே மனை என்று சட்டம் வந்து பட்டா கைக்கு வந்தது. அப்பா போன பிறகு இன்னொரு சட்டம் வந்தது, பெண்ணுக்கும் சொத்தில் சம பங்கு என்று. குத்தகைத் தகராறில் வரப்புக்கு வரப்பு கொடி நட்டிருந்த காலம் அது. கட்சிக்குச் சுவரெழுத்து எழுத ஊரில் நான்தான். முதலில் என் வீட்டுத் தெருச்சுவரில், நீலத்தில் முழ உயர எழுத்தாக, இரண்டு வரிசையில், 'பெண்ணுக்கும் சொத்தில் சம பங்கு' என்று எழுதினேன். போகிறவர்கள் நின்று பாராட்டினார்கள். அந்தச் சுவருக்கு உள்பக்கம் நின்றுகொண்டுதான் இப்போது அக்காவின் பங்கை அளந்துகொண்டிருந்தேன்.

எங்கள் பக்கத்தில் இதற்கெல்லாம் ஒரு வழக்கம் இருக்கிறது. உடன்பிறந்தவள் வாய் திறந்து பங்கு கேட்க மாட்டாள். தாம்பாளத்தில் ஒரு புடவையும் வெற்றிலை பாக்கும் வைத்துக் கொடுத்தால் விட்டுக்கொடுத்துக் கையெழுத்துப் போட்டுவிடுவாள். சட்டம் மாறியது. புடவைக் கடைக்குத் தகவல் போகவில்லை. நானும் ஒரு புடவை எடுத்து வந்தேன். என் மனைவி பிரித்துப் பார்த்துவிட்டு, "கலர் நல்லாத்தான் இருக்கு. உங்க அக்காக்கிட்ட நீங்களே சொல்லிக்குங்க. என்னை இழுக்காதீங்க," என்று மடித்து வைத்தாள்.

பொங்கலுக்கு முதல் நாள் அக்கா வந்தாள். பையைத் திறந்து முதலில் என்னிடம் நீட்டியது ஒரு தகர டப்பா. உள்ளே பஞ்சு, கட்டுத்துணி, பிளாஸ்திரி, காயத்துக்கு ஊற்றும் மஞ்சள் மருந்து.

"மிஷின் வாங்கப் போறியாமே. ஆஸ்பத்திரிக்கு வாரத்துக்கு ஒருத்தன் வெரலைத் துணியில சுத்திக்கிட்டு வரான்டா. நீ சும்மாவே ஆணிய விட்டுட்டு வெரலை அடிக்கிற ஆளு."

நான் சிரித்தேன். கையில் டப்பா கனத்தது.

அவள் தன் அறைக்குள் போனாள். அப்போதுதான் எனக்கு ஞாபகம் வந்தது. கட்டிலைச் செங்குத்தாக நிமிர்த்திச் சுவரில் சாய்த்திருந்தேன். தரையில் சாக்பீஸால் மிஷின் நிற்கும் இடம், பலகை போகும் பாதை எல்லாம் கோடு போட்டிருந்தேன். விபத்து நடந்த இடத்தில் போலீஸ் போடுகிற மாதிரி.

"இது என்னடா?"

"கரையான்," என்றேன்.

"கரையான் கோடு போட்டா வருது? ஸ்கேல் வேற வச்சு?"

நான் வாயைத் திறப்பதற்குள் அவளே, "எங்க கையெழுத்துப் போடணும்? சொல்லு, போட்டுடறேன். அதுக்குப் போயி ஏன் பூனை மாதிரி சுத்துற? வந்தா கூடத்துல படுத்துக்கிறேன்," என்றாள்.

சண்டை போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். சண்டைக்கு நான் பதில் தயார் செய்து வைத்திருந்தேன். புடவையை எடுக்க உள்ளே போனவன் எடுக்காமலே திரும்பி வந்தேன்.

பொங்கல் முடிந்து அவள் கிளம்பும்போது டிரங்குப் பெட்டியையும் தூக்கிக்கொண்டாள். "அங்கயே இருக்கட்டும்டா, துணி வைக்க ஆவும்," என்றாள். தெருவில் இறங்கியதும் சுவரைத் திரும்பிப் பார்த்தாள்.

"எழுத்து ரொம்ப நல்லா இருக்கு. நீதானே எழுதுன?"

ஆமாம் என்று தலையை மட்டும் ஆட்டினேன். கிண்டலா, நிஜமா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. கேட்கிற தைரியமும் வந்ததில்லை.

மறுநாள் கும்பகோணம் போனேன். "சின்னதைக் குடுங்க."

"இருபதடி இருக்குன்னீங்களே?"

"பத்துதாங்க."

"ஒரு வாரத்துல பத்தடியை எவன் புடுங்குனான்? கோர்ட்டுக்குப் போங்க, விடாதீங்க!" என்று எனக்காகக் கொதித்தார் அந்த நல்ல மனிதர்.

சின்ன மிஷினுக்கும் பலகை எட்டடிதான். கடைசியில் மிஷினைத் தெருச்சுவரை ஒட்டி வைத்து, மேஜை மட்டத்தில் சுவரை நீளவாக்கில் உடைத்து ஒரு துவாரம் விட்டேன். பலகையின் வாலைப் பிடித்துக்கொண்டு, என் முதுகு அக்காவின் அறைச் சுவரில் உரச நின்று தள்ளினால், அறுபட்ட தலை தெருவில் எட்டிப் பார்க்கும். துவாரத்தில் எழுத்தின் கீழ்வரிசை போயிற்று. 'பெண்ணுக்கும் சொத்தில்' மட்டும் மிச்சம். கட்சிக்காரர் ஒருவர் சைக்கிளை நிறுத்திவிட்டு, "ஏங்க, சம பங்கு எங்கங்க?" என்று அதட்டினார். அவருக்குப் பதிலாகப் பலகைதான் வெளியே வந்தது. சைக்கிளை நகர்த்திக்கொண்டார்.

அக்காவின் அறையைப் பெருக்கித் துடைத்து, கட்டிலை இறக்கிப் போட்டேன். சாக்பீஸ் கோடு மட்டும் காரைத் தரையில் ஊறிப்போய் முழுசாகப் போகவில்லை. எத்தனை தடவை தேய்த்தாலும் ஈரம் காய்ந்ததும் லேசாக மேலே வந்தது.

தீபாவளிக்கு அக்கா வந்தாள். கையில் ஒரு பை மட்டும். பெட்டி வரவில்லை. பொங்கலுக்குச் சொன்னபடியே கூடத்தில் உட்காரப் போனவளிடம், "உன் ரூம் தொறந்திருக்கு," என்றேன். எட்டிப் பார்த்தாள். கட்டிலைப் பார்த்தாள், தரையைப் பார்த்தாள். ராத்திரி டியூட்டி பார்த்துவிட்டு பஸ்ஸில் வந்த அலுப்பு. போய்ப் படுத்துக்கொண்டாள்.

அன்றைக்குப் பொழுது சாய்வதற்குள் ஒரு கதவு முடித்துக் கொடுக்க வேண்டும். பலகையை மேஜையில் ஏற்றிவிட்டேன். சுவிட்சில் விரலை வைத்தவன் வைத்தபடியே நின்றேன். சுவருக்கு அந்தப் பக்கம் அவள் தலைமாடு. மிஷினைப் போடாமலே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன்.

கொஞ்ச நேரம் கழித்து உள்ளேயிருந்து குரல்.

"ஏன்டா, மிஷின் ஓடலை?"

"கரண்ட் இல்லைக்கா."

அவள் தலைக்கு மேல் மின்விசிறி கடகடவென்று சுற்றுவது சுவர் தாண்டி எனக்கு நன்றாகக் கேட்டது.