குட்டி அரசுக்குத் திருப்பணி

வீட்டுக்குள் பொன்சாய்க் குட்டி மரங்கள் வளர்த்து விற்கிற தொழிலில், செடியைக் கவனிக்காதவர்களைவிட விழுந்து விழுந்து கவனிப்பவர்களால்தான் தொல்லை. நொந்துபோன என் சக பாவிகளுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

யூரியாவில் ஒரு பங்கு

கரவெட்டியில் வெங்காயத் தோட்டம் செய்கிற ஐயா ஒருவர் சாண் உயர ஆல் ஒன்று வாங்கினார். மாரி முடிந்து போய்ப் பார்த்தால், இலையில் வடை தட்டலாம். நான் கம்பி கட்டி வளைத்த கொப்புகள் கம்பியையும் விழுங்கிக்கொண்டு யன்னலுக்கு வெளியே போயிருந்தன. தோட்டத்து யூரியாவில் ஆலுக்கும் பங்கு வைத்திருக்கிறார். எனக்கு வயிறு எரிந்தது. அவருக்கோ முகமெல்லாம் பெருமை.

"தம்பி, நீங்கள் பட்டினி போட்டெல்லோ வைச்சிருந்தனீங்கள். இப்ப பாருங்கோ, ஆள் தேறிட்டார்."

சவுக்குக்கு ஓய்வு

உடுவிலில் ஓய்வுபெற்ற ரீச்சர் ஒருவர் நத்தாருக்கு வழக்கமாகச் சவுக்கங் கொப்பு வெட்டிச் சோடிப்பார். இந்த முறை அகப்பட்டது என்னிடம் வாங்கிய குட்டி இத்தி மரம். மின்குமிழ், பஞ்சு, உச்சியில் நட்சத்திரம். "ரீச்சர், கொப்பு முறியப்போகுது" என்று கெஞ்சினேன்.

"முறிஞ்சால் என்ன, தை மாசம் உம்மிட்டைத் தந்தால் ஒட்டித் தருவீர்தானே?"

அரசடிப் பிள்ளையார்

விதை முளைத்த நாளிலிருந்து நானே வளர்த்த குட்டி அரசமரம் அது. மனமில்லாமல்தான் தொண்டைமானாற்று அக்கா ஒருவருக்கு விற்றேன். இலை கொட்டுகிறது என்று அழைத்தார். போனால் மரத்தடியில் விரலளவு பிள்ளையார், தண்டில் சிவப்புப் பட்டு. தினமும் பால் வார்ப்பாராம். வேர் புளித்து நாறியது. உடனே கழுவி, அழுகியதை வெட்டாவிட்டால் மரம் செத்துவிடும். கத்தரிக்கோலை எடுத்தேன், சாமி மரத்தில் கத்தரி படக்கூடாது என்று அக்கா மறித்துவிட்டார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

ஓடிப்போய்க் கோயில் ஐயரைக் கையோடு கூட்டிவந்தேன். "திருப்பணி எண்டால் மூர்த்தியை இடம் மாத்திறதுதானே" என்று அவர் பிள்ளையாரைத் தூக்கிப் பக்கத்துக் கிண்ணத்தில் இருத்தினார். காற்சட்டையோடு தொடக்கூடாது என்று அக்கா சொன்னதால், அக்காவின் கணவருடைய வேட்டியைக் கட்டிக்கொண்டு வேரை வெட்டினேன். மரம் பிழைத்தது. முதல் தளிர் கண்ட அன்று எனக்கு இருந்த சந்தோசம் சொல்லி முடியாது. அக்காவுக்கும் அப்படித்தான்.

"திருப்பணி முடிஞ்சுது தம்பி, இனிக் கும்பாபிசேகம். பாலுக்குச் சொல்லிட்டன்."

ஆகவே கூட்டாளிகளே, இப்போதெல்லாம் என் கருவிப் பெட்டியில் கத்தரிக்கோலுக்கு மேலே சொந்த வேட்டி ஒன்றை மடித்து வைத்திருக்கிறேன்.