குளத்துக்குப் போன ஞாயிற்றுக்கிழமை

ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் எங்கள் அப்பா, அம்மா இரண்டு பேரையும் பகல் வெளிச்சத்தில் சேர்த்துப் பார்க்க முடியும். சங்கரன்கோவிலில் அப்பா ஒரு விசைத்தறிக் கூடத்தில் வேலை பார்த்தார். அம்மா ஜவுளிக்கடையில் சேலைப் பிரிவில் நின்றாள். நின்றாள் என்றுதான் சொல்ல வேண்டும். அந்தக் கடையில் சேலை பார்க்க வந்தவர்கள்தான் உட்காரலாம், எடுத்துப் போடுகிறவர்கள் உட்காரக் கூடாது. ஆகவே ஞாயிற்றுக்கிழமை வந்தால் அம்மாவுக்கு எங்கேயாவது போய் உட்கார வேண்டும். எனக்கும் தம்பிக்கும் எங்கேயாவது போய் ஓட வேண்டும். இரண்டுக்கும் தோதான இடம் காசு கேட்காத இடமாகவும் இருக்க வேண்டும்.

அப்படிப்பட்ட இடங்களைக் கண்டுபிடிப்பதில் அம்மா கெட்டிக்காரி. ரயில் நிலையத்துக்கு உள்ளே போனால் டிக்கெட் எடுக்கணும். வெளியே வேலியோரத்து வேப்பமரத்தடியில் உட்கார்ந்தால் அதே ரயிலுக்கு சும்மாவே கை காட்டலாம். கோவிலுக்குப் போனால் யானை தென்னை மட்டையைக் காலால் மிதித்துக் கிழிப்பதைப் பார்க்கலாம். அப்பா கூடத்திலிருந்து கொண்டுவரும் கழிவு நூலை இறுக்கிச் சுற்றிப் பந்தாக்கி அடிக்கலாம். போகிற வழியில் கடைத்தெரு வந்துவிடக் கூடாது, அவ்வளவுதான். பலூனையும் அல்வாவையும் பிள்ளைகள் கண்ணில் காட்டாமல் இருக்க, அம்மா எங்களை நாலு தெரு சுற்றி நடத்திக் கூட்டிப்போவாள். அந்தச் சுற்றையும் உல்லாசப் பயணத்தின் ஒரு பகுதி என்றே நாங்கள் நம்பினோம்.

அப்பா அதிகம் பேச மாட்டார். நாங்கள் பேசினால் எங்கள் வாயையே பார்த்துக்கொண்டிருப்பார். எங்கள் மேல் அவ்வளவு பிரியம் என்று நான் பெருமைப்பட்டுக்கொள்வேன். தறிச் சத்தத்தில் அவருடைய காது முக்கால்வாசி போய்விட்டிருந்தது. அது அம்மாவுக்கு மட்டும்தான் தெரியும். வெளியே தெரிந்தால் முதலாளி தறியை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவார் என்று இரண்டு பேரும் அதை மூடி வைத்திருந்தார்கள். பிள்ளைகள் உளறிவிடும் என்பதால் எங்களிடமும் சொல்லவில்லை. தறிக்காரர்கள் குடியிருந்த எங்கள் தெருவில் எல்லோருமே உரக்கத்தான் பேசுவார்கள். அம்மா அப்பாவிடம் உரக்கப் பேசியது எங்களுக்கு வித்தியாசமாகவே படவில்லை. பத்தாம் வகுப்பு படிக்கும்போதுதான் எனக்கு விஷயம் தெரிந்தது.

அதற்கு வெகுகாலம் முன்பு, நான் மூன்றாம் வகுப்பில் இருந்தபோது, தீபாவளிக்கு இரண்டு வாரம் முந்தின ஞாயிற்றுக்கிழமை அம்மாவின் கடைக்கு விடுமுறை இல்லை என்று சொல்லிவிட்டார்கள். தம்பி இன்னும் பள்ளிக்கூடம் சேரவில்லை. வாரம் முழுக்கக் காத்திருந்தவன், காலையிலேயே அம்மாவின் சேலையைப் பிடித்துக்கொண்டு அழ ஆரம்பித்துவிட்டான்.

அம்மா அப்பாவுக்கு நேர் எதிரே போய் நின்று சொன்னாள்: "இதுகள நீங்க கூட்டிட்டுப் போங்க. குளத்துக்குத் தண்ணி வந்திருக்காம். காட்டிட்டு வாங்க."

"நீ இல்லாமலா? வேண்டாம்ட்டி. அடுத்த வாரம் எல்லாருமாப் போவோம்."

"அடுத்த வாரம் மட்டும் என்னைய விட்டுருவாங்களாக்கும். பிள்ள அழுதான்லா. ஒரு பொழுதுதான, போயிட்டு வாங்க."

அப்பா செருப்பை மாட்டினார். அம்மா தூக்குச்சட்டியில் எலுமிச்சம்பழச் சோறு வைத்துக் கொடுத்துவிட்டுக் கடைக்கு ஓடினாள்.

குளம் ஊருக்கு வெளியே இருந்தது. கோடையில் லாரி வைத்துக் கரம்பை மண் அள்ளிய குழிகள் எல்லாம் தண்ணீருக்கு அடியில் மறைந்துவிட்டன. மேலே பார்த்தால் ஒரே மட்டமாக, கணுக்கால் ஆழம்போலத்தான் தெரியும். தம்பி தண்ணீரின் ஓரத்தில் கல் எறிந்து விளையாடினான். அப்பா பனையோலையைக் கிழித்துக் காற்றாடி செய்ய உட்கார்ந்தார். ஓலையைக் கோத்துப் பிடிக்க ஒரு முள் வேண்டும் என்று என்னைக் கேட்டார். நான் கருவேலமுள் ஒடிக்கக் கரை மேல் ஏறினேன்.

"அப்பா" என்று தம்பி கூப்பிட்டது கரை மேல் இருந்த எனக்கே தெளிவாகக் கேட்டது. திரும்பிப் பார்த்தேன். தண்ணீருக்கு மேல் அவன் தலை மட்டும் தெரிந்தது. மறுபடியும் கூப்பிட்டான். அந்தத் தடவை பாதிச் சொல்தான் வந்தது. அப்பா அவனுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, எட்டிப் பிடிக்கிற தூரத்தில், ஓலையைப் பல்லால் கிழித்துக்கொண்டிருந்தார். திரும்பவே இல்லை. நான் கத்திக்கொண்டே இறங்கி ஓடினேன். எதிரே வந்த என் முகத்தைப் பார்த்த பிறகுதான் அப்பா துள்ளி எழுந்தார்.

குழி அப்பாவுக்கே தலைக்கு மேல் இருந்தது. முங்கி முங்கித் தேடினார். ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒருவரும் வேட்டியை அவிழ்த்துப் போட்டுவிட்டுக் குதித்தார். தம்பியைத் தூக்கி வந்து வயிற்றை அமுக்கினார்கள். யாரோ ஒருவருடைய பைக்கில் அப்பா அவனை மடியில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனார். நான் தூக்குச்சட்டியைப் பிடித்துக்கொண்டு ஆடு மேய்த்தவருடன் நடந்து போய்ச் சேர்ந்தபோது, எல்லாம் முடிந்திருந்தது. அம்மா கடைக்கு உடுத்திப்போன சேலையோடு தரையில் கிடந்தாள்.

வீடு நிறைய ஆட்கள் வந்தார்கள். எல்லோரும் என்னைத்தான் கேட்டார்கள். நானும் பார்த்ததைத்தான் சொன்னேன். "தம்பி கூப்பிட்டான். அப்பா திரும்பல." அம்மாவின் அண்ணனான பெரிய மாமா அதைக் கேட்டதும் அப்பாவின் சட்டையைக் கொத்தாகப் பிடித்தார்.

"பக்கத்துல இருந்துக்கிட்டு, பிள்ள கூப்பிட்டது கேக்கலையாவே ஒமக்கு? குடிச்சிருந்தீராவே?"

அப்பா மாமாவின் வாயைப் பார்த்தார். பிறகு, "கவனிக்கல" என்றார்.

அவ்வளவுதான் சொன்னார். எல்லோரும் அம்மாவைப் பார்த்தார்கள். அம்மா தலையைக் குனிந்துகொண்டாள். அன்றிலிருந்து தெருவில் அப்பா, பிள்ளையைக் கவனிக்காமல் விட்டவர் என்று ஆகிப்போனார். காரியம் முடிந்த மறுநாள் கூடத்துக்குப் போய்விட்டார். அதையும் சொல்லிச் சொல்லிப் பேசினார்கள். நான் அவரோடு பேசுவதை நிறுத்திவிட்டேன். அவர் எப்போதும்போல என் வாயைப் பார்ப்பார். நான் அதை இறுக்கி மூடிக்கொள்வேன்.

அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் நாங்கள் எங்கேயும் போகவில்லை. அப்படி ஒரு மத்தியானம் அப்பா புறவாசல் படியில் வெளியே பார்த்து உட்கார்ந்திருந்தார். அம்மா அவருக்குப் பின்னால், கதவு நிலையில் சாய்ந்து உட்கார்ந்தாள். நான் அடுப்படியில் இருந்தேன். அம்மா மெல்லிய குரலில் பேசத் தொடங்கினாள். அப்பாவிடம் அவள் அப்படிச் சத்தமில்லாமல் பேசி நான் கேட்டதே இல்லை.

"எனக்குத் தெரியும்லா. தெரிஞ்சுதான அனுப்புனேன். நீங்க வேண்டாம்னுதான சொன்னீங்க. நான்தான பிடிச்சுத் தள்ளுனேன். அண்ணன் சட்டையப் பிடிக்கும்போதாவது நான் ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்லா. வாய் வரலையே எனக்கு."

பேசப் பேச அழுதாள். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். அப்பா முருங்கைமரத்தைப் பார்த்தபடி அசையாமல் இருந்தார். தம்பி கூப்பிட்டபோதும் திரும்பவில்லை, அம்மா இவ்வளவு அழும்போதும் திரும்பவில்லை, இவர் மனசு கல்தான் என்று நான் நினைத்துக்கொண்டேன். எதைச் சொன்னாலும் நேர் எதிரே போய் நின்று சொல்கிற அம்மா, அன்றைக்கு மட்டும் ஏன் அவர் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்தாள் என்று எனக்கு யோசிக்கத் தெரியவில்லை.